எந்த எரிபொருள், எப்படிப்பட்ட ஸ்டீம் லோடு: பாய்லர் டிசைன இந்த ரெண்ட வெச்சு எப்படி முடிவு பண்றது

பாய்லர் வாங்கணும்னு முடிவானதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தனை டன் போடலாம்?", அதாவது மணிக்கு எத்தனை டன் ஸ்டீம். உண்மையில அது கடைசில வரவேண்டிய கேள்வி. அதுக்கு முன்னாடி கையில ரெண்டு காகிதம் இருக்கணும், ஒண்ணு உங்க ப்ளான்ட் ஸ்டீம எப்படி இழுக்குதுங்கற லோடு சார்ட், இன்னொண்ணு எரிக்கப்போற எரிபொருளோட லேப் ரிப்போர்ட். ஷெல் பாய்லரா (பெரிய உருளைக்குள்ள தண்ணி, அதுக்குள்ள ஓடுற ட்யூப்ல நெருப்பும் புகையும்) வாட்டர் ட்யூப் பாய்லராங்கறத (ட்யூபுக்குள்ள தண்ணி, வெளிய நெருப்பு) ஸ்டீம் ப்ரெஷர் சொல்லிடும். ஃபர்னஸ் (நெருப்பு எரியற அறை) எவ்வளவு பெருசு, ட்யூபுக்கு ட்யூப் எவ்வளவு இடைவெளி, சிம்னிக்கு எத்தனை டிகிரில புகைய அனுப்பலாம், இதையெல்லாம் எரிபொருள் சொல்லிடும். இது ரெண்டும் இல்லாம வாங்குற கொட்டேஷன் வெறும் விலைப்பட்டியல்தான்.

லோடு சார்ட்லேருந்து ஆரம்பிப்போம், ஏன்னா பெரும்பாலான இடத்துல இதத்தான் ஒழுங்கா எடுக்கறதில்ல. ஏற்கனவே ஒரு பாய்லர் ஓடுதுன்னா ஃபீட் வாட்டர் (பாய்லருக்குள்ள போற தண்ணி) மீட்டர் ரீடிங்க 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதுங்க, ஒரு முழு வாரம், ஷிஃப்ட் மாறுற நேரம், காலைல ஸ்டார்ட்டப் எல்லாம் அதுக்குள்ள வரணும். மாசக் கடைசில மொத்த ஃப்யூயல மணி நேரத்தால வகுத்து வர்ற சராசரி எதுக்கும் ஆகாது. புது ப்ளான்ட்டுன்னா ஒவ்வொரு மெஷினா கணக்கு போட்டுத்தான் ஆகணும்.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. 5,000 லிட்டர் தண்ணிய 30 டிகிரிலேருந்து 90 டிகிரிக்கு அரை மணி நேரத்துல சூடு பண்ணணும், 3 பார் ஸ்டீம், காயில் வழியா. 5,000 பெருக்கல் 60, அதாவது 3 லட்சம் கிலோ கலோரி. 3 பார்ல ஒரு கிலோ ஸ்டீம் கண்டன்ஸ் ஆகும்போது கொடுக்குறது சுமார் 510 கிலோ கலோரி, அப்போ 590 கிலோ ஸ்டீம் வேணும், அரை மணில வேணும்ங்கறதால மணிக்கு 1,180 கிலோ ரேட். இதோட நிறுத்திடக்கூடாது. தண்ணி 30 டிகிரில இருக்கும்போது ஸ்டீமுக்கும் தண்ணிக்கும் 114 டிகிரி வித்தியாசம், முடியும்போது 54 டிகிரிதான், அதனால வால்வு திறந்த முதல் சில நிமிஷம் அந்த காயில் சராசரிய விட 40 சதவீதம் அதிகமா இழுக்கும், கிட்டத்தட்ட 1,670 கிலோ ரேட்ல. இந்த மாதிரி மூணு வெசல் இருக்கு, ஷிஃப்ட் ஆரம்பத்துல மூணு பேரும் ஒரே நேரத்துல வால்வ திறக்கறாங்கன்னு வைங்க, 5 டன் பீக். ஆனா ஒரு பேட்ச் 4 மணி நேரம்னா மூணுக்கும் சேர்த்து சராசரி மணிக்கு 450 கிலோ கூட வராது!

இப்போ இந்த இடத்துக்கு 5 டன் பாய்லர் போடலாமா? போட்டா பீக்க தாங்கும், மீதி நேரம் முழுக்க பர்னர் ஆன் ஆஃப் ஆகிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் ஆகும்போதும் உள்ள மிச்சமிருக்குற வாயுவ வெளியேத்த பர்ஜ் பண்ற குளிர்ந்த காத்து பாய்லர் உள்ள இருக்குற சூட்ட சிம்னி வழியா தள்ளிட்டுப் போகும். மூணு வெசலையும் அரை மணி தள்ளித் தள்ளி ஆரம்பிச்சா 2 டன் பாய்லரே போதும், காசு செலவில்லாத டிசைன் மாற்றம் இது. அப்படி தள்ள முடியாத ப்ராசஸ்னா ஸ்டீம் அக்யுமுலேட்டர் பத்தி யோசிக்கலாம். ஸ்வீடன் இன்ஜினியர் ரூத்ஸ் கொண்டு வந்த ஐடியா, பெரிய டேங்க்ல ப்ரெஷரோட சுடுதண்ணிய வெச்சிருந்து, பீக் வரும்போது ப்ரெஷர் இறங்க அந்த தண்ணியே கொதிச்சு ஸ்டீமா வரும்.

அடுத்து ப்ரெஷர். இங்க எல்லாரும் பண்றது, பழைய பாய்லர் 10 பார்ல இருந்துச்சு அதனால புதுசும் 10 பார். மெஷினுக்கு எத்தனை டிகிரி வேணும்ங்கறதுலேருந்து போங்க. சாச்சுரேட்டட் ஸ்டீம் (தண்ணிய விட்டு அப்போதான் கிளம்பின ஸ்டீம்) கேஜ்ல, அதாவது காத்தழுத்தத்துக்கு மேல, 3 பார்ல 144 டிகிரி, 7 பார்ல 170, 10 பார்ல 184. ப்ராசஸ் 120 டிகிரில நடக்குதுன்னா 4 பார், அதாவது 152 டிகிரி ஸ்டீம் தாராளம். ஆனா மெஷினுக்கு 4 பார் போதும்னு பாய்லரையே 4 பார்ல ஓட்டக்கூடாது. 10 பார்ல ஒரு கிலோ ஸ்டீம் பிடிக்கிற இடம் 0.177 கன மீட்டர், 3 பார்ல 0.46. அதே டன் ஸ்டீம் குறைஞ்ச ப்ரெஷர்ல ரெண்டரை மடங்கு இடம் கேக்குது, தண்ணி மட்டத்துலேருந்து அந்த வேகத்துல கிளம்பும்போது தண்ணியையும் சேர்த்து அள்ளிட்டு வரும், கேரி ஓவர்னு சொல்றது இததான், பைப்லைனும் பெரிய விட்டத்துல போடணும். அதனால 10 பார்ல எடுத்து, மெஷின் பக்கத்துல ப்ரெஷர் ரெட்யூசிங் வால்வு போட்டு குறைக்கறதுதான் வழக்கம். இன்னொரு பக்கம், ப்ராசஸுக்கு 250 டிகிரி வேணும்னா சாச்சுரேட்டட் ஸ்டீம்ல 40 பார் போகணும், வெறும் சூட்டுக்காக அந்த ப்ரெஷர்ல பாய்லர் போடறது வீண் வேலை, ஸ்டீமுக்கு பதிலா எண்ணெய சூடு பண்ணி சுத்த விடற தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் பக்கம் போயிடுங்க.

ப்ரெஷர் முடிவானா ஷெல்லா வாட்டர் ட்யூபாங்கறது ஒரு சின்ன கணக்குதான். சிலிண்டர் சுவரோட தடிமன் ப்ரெஷர் பெருக்கல் விட்டம், அத ஸ்டீல் தாங்குற ஸ்ட்ரெஸ்ஸோட ரெண்டு மடங்கால வகுக்கணும். 2.5 மீட்டர் விட்டம் உள்ள ஷெல், 10 பார், ஸ்டீல் சதுர மில்லிமீட்டருக்கு 110 நியூட்டன் தாங்குதுன்னா 11.4 மில்லிமீட்டர் தகடு போதும் (வெல்டிங்குக்கும் அரிப்புக்கும் சேர்க்குற கூடுதல் தனி). அதே ஷெல்ல 60 பாருக்கு பண்ணணும்னா 68 மில்லிமீட்டர், வளைக்கிறதும் வெல்ட் பண்றதும் ஒரு பெரிய ப்ராஜெக்ட் ஆயிடும், சூடு ஏற ஏற உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேற வேற டெம்பரேச்சர்ல நின்னு தகடே இழுபடும். இதுல ட்யூப் முனைகள பிடிச்சிருக்குற தட்டையான ட்யூப் ப்ளேட் நிலைமை இன்னும் மோசம். தண்ணிய 51 மில்லிமீட்டர் ட்யூபுக்குள்ள போட்டு நெருப்ப வெளிய வெச்சா அதே 60 பாருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் கணக்குல வருது. வாட்டர் ட்யூப் இருக்குறதுக்கு முக்கியமான காரணமே இதுதான். நடைமுறையில ஷெல் பாய்லர் 20 பார் சுத்து வட்டாரத்துலயும், 25, 30 டன்லயும் மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும், அதுக்கு மேல வாட்டர் ட்யூப். டர்பைனுக்கு சூப்பர்ஹீட் (கொதிநிலைக்கு மேலயும் சூடேத்தின ஸ்டீம்) வேணும்னாலும் வாட்டர் ட்யூப்தான். ஹீட்டிங்குக்கு மட்டும்னா சூப்பர்ஹீட் கேக்காதீங்க, சூப்பர்ஹீட்டட் ஸ்டீம் சூட்ட கைமாத்துறதுல ரொம்ப சோம்பேறி, ப்ராசஸ்ல கடைசில தண்ணி தெளிச்சு டீசூப்பர்ஹீட் பண்ணிட்டுதான் நிப்பீங்க.

ஷெல்லுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு, உள்ள நிறைய தண்ணி நிக்கும், திடீர்னு லோடு ஏறினா கொஞ்ச நேரம் அந்த தண்ணியே தாக்கு பிடிக்கும். தண்ணி குவாலிட்டியும் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா மன்னிச்சிடும், சாஃப்ட்னர் போட்டு டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்பு) 3,500 பிபிஎம்க்குள்ள நிக்கற மாதிரி ப்ளோடவுன் (பாய்லர் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடறது) வெச்சு ஓட்டலாம். 60 பார் வாட்டர் ட்யூப்ல அந்த பேச்சே கிடையாது, உப்பு முழுக்க நீக்கின டீமினரலைஸ்ட் வாட்டர்தான், ஏன்னா அந்த ப்ரெஷர்ல சிலிக்கா ஸ்டீமோட சேர்ந்து போய் டர்பைன் ப்ளேடுல படியும். பாய்லர் பட்ஜெட்ல வாட்டர் ட்ரீட்மென்ட் ப்ளான்ட்ட சேர்க்காம கணக்கு போடறவங்க நிறைய.

இப்போ எரிபொருள். ஒரே வேலைய, 10 பார்ல மணிக்கு 5 டன் ஸ்டீம், ஃபீட் வாட்டர் 85 டிகிரி, வேற வேற எரிபொருள்ல பண்ணினா என்ன ஆகும்னு பாருங்க. ஸ்டீமுக்குள்ள போகவேண்டிய சூடு மணிக்கு சுமார் 29 லட்சம் கிலோ கலோரி. இயற்கை எரிவாயுன்னா 380 கன மீட்டர், பைப்ல வரும், சாம்பல் கிடையாது. ஃபர்னஸ் ஆயில்னா 340 கிலோ. 4,000 கிலோ கலோரியும் 35 சதவீதம் சாம்பலும் உள்ள நிலக்கரின்னா 950 கிலோ, தினம் 8 டன் சாம்பல் அள்ளணும். உமின்னா கிட்டத்தட்ட 1,300 கிலோ, அது கனமே இல்லாத சரக்கு, ஒரு கன மீட்டர்ல 100 கிலோதான் இருக்கும், அதனால ஒரு நாளைக்கு 300 கன மீட்டர் உமி உள்ள வரணும், அஞ்சரை டன் சாம்பல் வெளிய போகணும். பாதி ஈரமா இருக்குற கரும்புச் சக்கைன்னா 1,900 கிலோ. ஸ்டீம் ஒண்ணுதான், ஆனா கேஸுக்கு ஒரு ரூம் போதும், உமிக்கு கன்வேயர், சைலோ, தூசி பிடிக்கிற பேக் ஃபில்டர், சாம்பல் சைலோ, புகைய இழுக்குற ஐடி ஃபேன், லாரி நிக்க இடம் எல்லாம் வேணும். பாய்லர் விலைய மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடறவங்க இத கவனிக்கணும்.

கேஸும் ஆயிலும் ஃபர்னஸ் ட்யூபுக்குள்ளயே எரிஞ்சு முடிஞ்சிடும், மூணு பாஸ் (புகை மூணு தடவ பாய்லர் நீளத்துக்கு ஓடுற) ஷெல் பாய்லர் இவங்களுக்காகவே பண்ணினது மாதிரி இருக்கும். ஆனா இது ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. ஆயில் தீ மஞ்சளா பளிச்னு இருக்கும், அதுல இருக்குற கார்பன் துகள் நிறைய சூட்ட ஃபர்னஸ்லயே கதிர்வீச்சா கொடுத்திடும். கேஸ் தீ நீலம், கதிர்வீச்சு கம்மி, அதனால ஃபர்னஸ விட்டு வெளிய வர்ற புகை இன்னும் சூடா வரும், அது நேரா போய் அடிக்கிறது ரெண்டாவது பாஸ் ஆரம்பிக்கிற ட்யூப் ப்ளேட்ட. ஆயில் பாய்லர வெறும் பர்னர மட்டும் மாத்தி கேஸுக்கு கொண்டு போனா ட்யூப் முனையில விரிசல் வர்றது இதனாலதான், மாத்தறதுக்கு முன்னாடி அந்த இடத்து டெம்பரேச்சர மேக்கர் கிட்ட கணக்கு போட்டு எழுதி வாங்குங்க. லோ நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு கம்மியா விடற) பர்னர் வேணும்னா தீ நீளமா, அகலமா ஆகும், ஃபர்னஸ் பெருசா கேளுங்க.

ஆயில் பக்கம் ஹீட்டிங் வேலை இருக்கு, ஃபர்னஸ் ஆயில் தேன் மாதிரி கெட்டி, 100 டிகிரிக்கு மேல சூடு பண்ணினாதான் பர்னர்ல நல்லா ஸ்ப்ரே ஆகும், டே டேங்க், ஸ்ட்ரெய்னர், ப்ரீஹீட்டர்னு ஒரு குட்டி ப்ளான்ட். அது போக சல்ஃபர். புகையில இருக்குற சல்ஃபர் ட்ரை ஆக்சைடு ஈரத்தோட சேர்ந்து 120 லேருந்து 150 டிகிரிக்குள்ள ஆசிடா படிய ஆரம்பிக்கும். இங்க பலர் பார்க்கறது புகை டெம்பரேச்சர மட்டும், சிம்னில 170 காட்டுது, சேஃப்னு நினைப்பாங்க. எக்கனாமைசர் (சிம்னிக்குப் போற புகையோட சூட்டுல ஃபீட் வாட்டர சூடாக்குறது) ட்யூபோட சுவர் டெம்பரேச்சர் புகைய விட உள்ள ஓடுற தண்ணி பக்கம்தான் சாயும். உள்ள போற தண்ணி 60 டிகிரின்னா சுவரும் அதுக்கு கொஞ்சம் மேலதான் நிக்கும், புகை 170ல இருந்தாலும் அந்த சுவர்ல ஆசிட் வேர்க்கும், கொஞ்ச நாள்ல ட்யூப் ஓட்டை. சல்ஃபர் உள்ள எரிபொருளுக்கு எக்கனாமைசர் போடணும்னா முதல்ல ஃபீட் வாட்டர எத்தனை டிகிரில கொடுக்க முடியும்னு பாருங்க.

கேஸுக்கு இந்த தொல்லை இல்லாததால சிம்னி டெம்பரேச்சர நல்லா இறக்கலாம், 22 டிகிரி இறக்கினா ஒரு சதவீதம் ஃப்யூயல் மிச்சம்ங்கறது தொழில்ல எல்லாரும் சொல்ற கணக்கு. இன்னும் கீழ போய் கண்டன்சிங் எக்கனாமைசரும் போடலாம், ஒரு கிலோ மீத்தேன் எரிஞ்சா ரெண்டே கால் கிலோ தண்ணி ஆவியா போகுது, அந்த ஆவிய 55 டிகிரிக்கு கீழ கொண்டு வந்து தண்ணியாக்கினா அதுல இருக்குற சூடு திரும்ப கிடைக்கும். இங்க ஸ்டீம் பக்கம் வந்து குறுக்க நிக்கும் பாருங்க, உங்க ப்ளான்ட்ல கண்டன்சேட் (ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணி) முழுக்க 85, 90 டிகிரில திரும்பி வருதுன்னா அந்த ஆவிய குளிர வைக்க உங்ககிட்ட குளிர்ந்த தண்ணியே இல்ல. நேரா ப்ராசஸுக்குள்ள ஸ்டீம விடற, நிறைய மேக்கப் வாட்டர் (புதுசா சேர்க்குற தண்ணி) எடுக்குற ப்ளான்ட்டுக்குதான் இது கச்சிதமா பொருந்தும்.

திட எரிபொருள்ல லேப் ரிப்போர்ட் இல்லாம பேச்சே வேண்டாம். வெறும் கலோரி வேல்யூ பத்தாது, ஈரம், சாம்பல், வோலடைல், சல்ஃபர், குளோரின், சாம்பல் உருகுற டெம்பரேச்சர், சாம்பல்ல பொட்டாசியம், சோடியம் எவ்வளவு, துகள் சைஸ் எல்லாம் வேணும். ஒவ்வொண்ணும் பாய்லர்ல ஒரு இடத்த மாத்தும். விறகு, விவசாயக் கழிவு எல்லாத்துலயும் முக்கால்வாசி வோலடைல்தான், அது கிரேட்டுல (எரிபொருள் கிடந்து எரியற கம்பித் தட்டு) எரியாது, வாயுவா கிளம்பி மேல போய் எரியும், அதனால ஃபர்னஸ் உயரமா இருக்கணும், கிரேட்டுக்கு மேல செகண்டரி ஏர் வேகமா உள்ள வரணும், இல்லைன்னா கருப்புப் புகையா சிம்னில உங்க காசு போகும். வோலடைல் கம்மியான நிலக்கரின்னா உயரத்த விட கிரேட் பரப்பு முக்கியம். ஈரமான சக்கைக்கு முதல்ல அந்த ஈரத்த காய வைக்கணும், அதனால ஏர் ப்ரீஹீட்டர்ல சூடான காத்து, ஃபர்னஸ் சுவர்ல கொஞ்சம் ரிஃப்ராக்டரி (நெருப்பு தாங்குற செங்கல்).

உமி சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா, ட்யூப உப்புத்தாள் போட்டு தேய்ச்ச மாதிரி தேய்க்கும். இந்த தேய்மானம் புகை வேகத்தோட மூணாவது அடுக்கு அளவுக்கு ஏறும்னு கணக்கு, அதாவது வேகம் கால்வாசி கூடினா தேய்மானம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனால உமி பாய்லர்ல ட்யூப தள்ளித் தள்ளி வெச்சு வேகத்த குறைப்பாங்க, பாய்லர் பெருசாகும். ரெண்டு கொட்டேஷன்ல ஒருத்தர் பாய்லர் மட்டும் ரொம்ப அடக்கமா இருக்குதுன்னா ட்யூப் பேங்க்ல புகை வேகம் என்னன்னு கேளுங்க. பொட்டாசியம் அதிகமா இருக்குற வைக்கோல் மாதிரி சரக்குல வேற பிரச்சனை, சாம்பல் சீக்கிரம் இளகி கட்டியா, க்ளிங்கரா இறுகும், ஃப்ளூயிடைஸ்ட் பெட்ல (காத்துல மிதக்குற சூடான மணல்ல எரிக்கிறது) போட்டா 800, 900 டிகிரில மணலே ஒண்ணா ஒட்டிக்கும். கூட குளோரினும் இருந்தா சூப்பர்ஹீட்டர அரிக்கும், அதனால இந்த மாதிரி எரிபொருள்ல ஸ்டீம் டெம்பரேச்சர வேணும்னே குறைச்சு வெச்சு டிசைன் பண்ணுவாங்க, குப்பை எரிக்கிற ப்ளான்ட்ல 40 பார், 400 டிகிரியோட நிறுத்திக்கறது பழக்கமாவே இருக்கு. எரிபொருள் ஸ்டீமையே கட்டிப் போடுற இடம் இது.

திட எரிபொருள்ல 10, 15 டன் வரைக்கும் அடிக்கடி பார்க்குற டிசைன், வாட்டர் வால் ஃபர்னஸ (சுவரே தண்ணி ட்யூபா இருக்குறது) தனியா கீழ கட்டி மேல ஸ்மோக் ட்யூப் ஷெல்ல வைக்கிறது. கிரேட்டும் சாம்பலும் வட்டமான ஃபர்னஸ் ட்யூபுக்குள்ள அடங்காது, ப்ரெஷரோ 10, 15 பார்தான், அதனால முழு வாட்டர் ட்யூப் தேவையில்ல. என் கணக்குல இந்த ரேஞ்சுக்கு நியாயமான சமரசம், ஸ்மோக் ட்யூப சுத்தம் பண்ண கதவு நல்லா திறக்கற மாதிரி இருக்கான்னு மட்டும் டிராயிங்ல பாருங்க.

லோடும் எரிபொருளும் நேரா மோதிக்கற இடம், எவ்வளவு வேகமா ஏத்தி இறக்க முடியும்ங்கறது. கேஸ் பர்னர் 10ல 1 பங்கு வரைக்கும் கூட இறங்கி எரியும், சில நொடில ஏறும். கிரேட்டுல கிடக்குற கரிக்கு அந்த அவசரம் புரியாது. மேல சொன்ன மூணு வெசல் மாதிரி லோடுக்கு திட எரிபொருள் பாய்லர் போட்டா ப்ரெஷர் ஊஞ்சல் ஆடும், அதனால பேஸ் லோடுக்கு திட எரிபொருள், பீக்குக்கு ஒரு சின்ன கேஸ் இல்லைன்னா ஆயில் பாய்லர்னு பிரிச்சு போடறது பல இடத்துல நல்லா வேலை செய்யும். நிறுத்துறதும் அப்படித்தான். கரண்ட் போனா கேஸ் வால்வு மூடும், தீ அந்த நொடியே போயிடும். கிரேட்டுல எரிஞ்சுட்டு இருக்குற அரை டன் கரி அப்படியே கொதிக்க வெச்சுட்டு இருக்கும், ஃபீட் பம்ப்போ நின்னுடுச்சு. திட எரிபொருள் பாய்லருக்கு கரண்ட் இல்லாம ஓடுற ஒரு ஃபீட் பம்ப், ஸ்டீம்லயோ டீசல்லயோ, கண்டிப்பா கேளுங்க, இதுல பேரம் பேசாதீங்க.

"எல்லா எரிபொருளும் எரிக்கும்" னு வர்ற பாய்லர் மேல எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல. உமிக்கு ட்யூப் இடைவெளி, சக்கைக்கு சூடான காத்து, நிலக்கரிக்கு கிரேட், வைக்கோலுக்கு குறைஞ்ச டெம்பரேச்சர், எல்லாத்தையும் ஒரே உடம்புல வெச்சா எதுக்குமே முழுசா பொருந்தாது. எரிபொருள் மாறும்னா ரெண்டு எரிபொருளைத் தேர்ந்தெடுங்க, ஒண்ண மெயினா சொல்லுங்க, மோசமான இன்னொண்ணுல எவ்வளவு டன் வரும், எவ்வளவு நாளைக்கு ஒரு தடவ சுத்தம் பண்ணணும்னு தனியா எழுதச் சொல்லுங்க.

கொட்டேஷன் வந்தா முதல்ல டன் எந்த கணக்குலன்னு பாருங்க. "எஃப் அண்ட் ஏ 100"னு போட்டிருந்தா 100 டிகிரி தண்ணிய 100 டிகிரி ஸ்டீமாக்குற கணக்கு, கிலோவுக்கு 539 கிலோ கலோரி. உங்க 10 பார் பாய்லருக்கு 30 டிகிரி தண்ணி போகுதுன்னா கிலோவுக்கு 634 வேணும், அப்போ அந்த 5 டன் பாய்லர்ல வர்றது 4.25 டன், தண்ணிய 85 டிகிரில கொடுத்தா 4.65. அடுத்து எஃபிஷியன்சி ஜிசிவி (புகையில ஆவியா போற தண்ணியோட சூட்டையும் சேர்த்த கலோரி) மேலயா என்சிவி (அத சேர்க்காத கலோரி) மேலயா, கேஸ்ல இந்த ரெண்டுக்கும் 10 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் வரும், ஒருத்தர் 94ன்னு போட்டதும் இன்னொருத்தர் 85ன்னு போட்டதும் ஒரே பாய்லரா கூட இருக்கலாம். காரண்டி டெஸ்ட் எந்த எரிபொருள்ல, எத்தனை சதவீதம் ஈரத்துல, எந்த லோடுலன்னும் ஆர்டர்லயே எழுதிடுங்க, வருஷத்துல பாதி நாள் 50 சதவீத லோடுல ஓடப்போற பாய்லர்னா அந்த 50 சதவீதத்துலயும் ஒரு நம்பர் வாங்குங்க.